கமரா பார்த்த பக்கம்

2008ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். மொன்றியலில் அந்தப் பனிக்காலம் கொட்டிய பனியை அப்போது அங்கே இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வீதியோரங்களில் தள்ளிவிட்ட பனி ஆள் உயரத்துக்கு நின்றது. நான் அப்போது நகரத்துக்கு வடக்கே, காரில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய ஒரு சின்ன ஊரில், ஸ்நோமொபைல் வாடகைக்கு விடும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஸ்நோமொபைலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சில்லுக்குப் பதிலாகச் சுழலும் ஒரு ரப்பர்ப் பட்டி. பனிக்கு மேலே ஓடும் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துக்கொண்டால் போதும். அவற்றைத் துடைப்பது, பெற்றோல் அடிப்பது, வருபவர்களுக்கு அளவான ஹெல்மெட் எடுத்துக் கொடுப்பது, காட்டுக்குள் யாராவது புதைந்து நின்றால் போய் இழுத்து வருவது, இவைதான் என் வேலை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பதினெட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, ஆறு நாடு கடந்து, ஹோட்டல்களில் கோப்பை கழுவி, தொழிற்சாலையில் கோழி உரித்து, ஒரு வேலையிலும் இரண்டு வருடம் ஒட்டாமல் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது.

கிழமையில் ஆறு நாள் கராஜுக்கு மேலே இருந்த சின்ன அறையில் படுப்பேன். திங்கட்கிழமை எங்கள் இடம் பூட்டு. அதனால் ஞாயிறு பின்னேரம் மொன்றியலில் லாசால் பகுதிக்கு வந்துவிடுவேன். அங்கே ஒரு அடுக்குமாடி வீட்டில் அண்ணை ஒருவரோடு சேர்ந்து இருந்தேன். சொந்த அண்ணன் இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மொன்றியல் துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. பெட்டி தூக்கப் போகிறவர் என்று யாரும் சொல்ல முடியாது, சட்டையை அழுத்திப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவார். கடையில் தரும் பிளாஸ்டிக் பைகளை முக்கோணமாக மடித்து ஒரு தகரப் பேணிக்குள் அடுக்கி வைப்பார். நான் ஒன்றை இழுத்தெடுத்தால் மிச்சம் எல்லாவற்றையும் திரும்ப அடுக்குவார். ஒரு நாளும் ஏசியதில்லை.

அவருடைய மனைவியும் ஒரே மகளும் சென்னையில் இருந்தார்கள். மனைவியை நான் அக்கா என்பேன். மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவர்களை அங்கே விட்டுவிட்டு வெளிக்கிட்டவர். இப்போது அவளுக்குப் பதினொன்று. அவர்களைக் கூப்பிடுவதற்குப் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் நாலு வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

கனடாவுக்கு வரும் வழியில், பெயர் தெரியாத ஓர் எல்லையில், ஒரு காவல்காரன் துவக்குப் பிடியால் அடித்ததில் அண்ணையின் மேல்வரிசை முன்பல் நாலும் போய்விட்டன. அதற்குப் பிறகு அவர் படத்துக்கு வாய் திறந்ததில்லை. சிரிப்பு வந்தால் கை தன்பாட்டில் எழும்பி வாயை மூடிக்கொள்ளும். எங்கள் ஆட்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். யாருடையதோ காரில் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரிய நிற்போம். அண்ணையும் அப்படி நாலைந்து படம் அனுப்பியிருந்தார். கார் இருக்கும், பனி இருக்கும். உதடு மட்டும் இறுக்கிப் பூட்டியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டது எனக்கும் கேட்டது.

"அப்பா, நீங்கள் ஏன் எல்லாப் படத்திலயும் கோவமா நிக்கிறீங்கள்?"

தாய் பின்னாலிருந்து அதட்டினார். அண்ணை போனுக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு, "கோவம் இல்லையம்மா, இஞ்சை சரியான குளிர். குளிருக்கை சிரிச்சால் பல்லுக் கூசும்" என்றார். நான் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார், கையால் மூடிக்கொண்டு.

அந்த வருடம் ஜனவரியில் அவர் பல்லுக் கட்டினார். கட்டிவிட்டு வந்த அன்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கனநேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. குதிரை மாதிரி இருக்கோ?"

"இல்லை அண்ணை, மாப்பிள்ளை மாதிரி இருக்கு. அக்கா கண்டால் ஆரெண்டு கேப்பா."

சந்தோசம் அவருக்கு. ஆனால் ஒன்பது வருடப் பழக்கம். சிரித்தவுடன் கை பழையபடி வாய்க்குப் போய்விட்டது.

என் வேலையைப் பற்றி அவர் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். அவள், "அப்பா, நீங்களும் அந்த ஸ்நோ வண்டியிலை ஓடி வீடியோ எடுத்து அனுப்புங்கோ" என்று பிடித்துக்கொண்டாள். வருத்தம் வந்தாலும் லீவு எடுக்காத மனிதர் அந்த வேலைக்காக ஒரு திங்கட்கிழமை லீவு எடுத்தார். எங்கள் முதலாளியிடம் கேட்டேன். அவர் கியூபெக்காரர், வாய் கொஞ்சம் கெட்டவர், மனம் நல்லவர். "இரண்டு வண்டியை எடு, ஏரி வரைக்கும் போ, அதற்கு அங்கால் போகாதே. உடைத்தால் உன்னை உடைப்பேன்" என்றார். சின்னக் கமரா ஒன்றும் தந்தார்.

அந்தக் கமராக்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. தண்ணீர் போகாத ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். திரை கிடையாது, என்ன எடுபடுகிறது என்று பார்க்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோய் டிவியில் பூட்டினால்தான் தெரியும். முதலாளி இரண்டு வாங்கி வைத்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பார். அவற்றைப் பூட்டிக் கொடுப்பது நான்தான். இரண்டு மாதத்தில் அதில் நான் பெரிய விண்ணன் ஆகிவிட்டேன். வண்டியின் மூடியில் ஒட்டினால் எஞ்சின் அதிர்வில் படம் நடுங்கும். பின்பக்கக் கம்பியில் கட்டினால் பட்டி கிளப்பும் பனி வந்து மூடும். குளிரில் பற்றரி கெதியில் செத்துப்போகும், ஆகவே கடைசி நிமிடம் வரை சட்டைக்குள் வைத்திருக்க வேண்டும். ஹெல்மெட்டின் மேலே ஒட்டுவதுதான் திறம். எங்கள் கழுத்தே அதிர்வை வாங்கிக்கொள்ளும், நாங்கள் பார்க்கும் இடமெல்லாம் அதுவும் பார்க்கும். இப்படி எல்லாருக்கும் அரைகுறை பிரெஞ்சில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை கராஜில் அண்ணை புது ஜாக்கெட்டோடு நின்றார். முகம் மழித்து, தலை சீவி இழுத்து, கலியாணத்துக்குப் போகிறவர் போல. கமராவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதை இந்த ஹாண்டிலிலை பூட்டி, என்ரை பக்கம் திருப்பி விட்டால் என்ன?"

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? ஹாண்டிலிலை பூட்டினால் எல்லாம் நடுங்கும். பனி வந்து அப்பும். பிள்ளை அரை மணித்தியாலம் வெள்ளைத் துணியைத்தான் பாக்கும்."

"அப்ப இந்த முன் கண்ணாடிக்கு உள்ளுக்கை?"

"மூச்சுப் பட்டுப் புகாராகிப் போகும்."

"நெஞ்சிலை கட்டினால்?"

"கையும் ஹாண்டிலும் தெரியும். ஹெல்மெட்டிலை பூட்டுறன், பேசாமல் நில்லுங்கோ."

"அதிலை என்ரை முகம் விழாதே?"

அப்போது நான் சொன்னதை இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன்.

"அண்ணை, உங்கடை மூஞ்சையைப் பாக்கவே பிள்ளை கேட்டது? ஸ்நோவைப் பாக்கத்தானே! மூஞ்சையைப் பாக்கோணுமெண்டால் பாஸ்போட்டை அனுப்பி விடுங்கோ."

அவர் சிரித்தார். கை வாய்க்குப் போனது. "சரியடாப்பா, உன்ரை தொழில். நீ சொன்னால் சரி" என்றுவிட்டுத் தலையைக் குனிந்து காட்டினார். நான் ஹெல்மெட்டில் கமராவை ஒட்டி, இறுக்கி, "தலையை ஆட்டாதேங்கோ அண்ணை" என்று சொல்லி, முன்பக்கம் பார்க்கத் திருப்பிப் பொத்தானை அமுக்கினேன்.

ஸ்பீக்கரில் மகள் கேட்டதை நான் கேட்டிருந்தேன். பல்லுக் கட்டியதையும் பார்த்திருந்தேன். லீவு எடுத்தது, மழித்தது, புது ஜாக்கெட், முகம் விழுமா என்று நாலு தரம் சுற்றிச் சுற்றிக் கேட்டது எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற எண்ணம் வந்துவிட்டால் எதிரே நிற்கிற ஆள் கண்ணில் படுவதில்லை.

நான் முன்னால் ஓடினேன், அவர் பின்னால். இருவருக்கும் வாயை மூடாத, முன் கண்ணாடி மட்டும் உள்ள ஹெல்மெட், என்னுடைய கண்ணாடியை நான் தூக்கிவிட்டிருந்தேன். ஊசியிலை மரங்களுக்கு நடுவே பாதை. அவர் முதலில் சைக்கிள் பழகுகிறவர் போல விட்டு விட்டு வந்தார். நான் நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினேன். "பெருவிரலாலை மெல்ல அமுக்குங்கோ! கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி அமத்தாதேங்கோ!" என்று கத்தினேன். இரண்டு தரம் பாதையை விட்டு இறங்கிப் புதைந்தார். இழுத்து விட்டேன். மூன்றாம் தரம் தானே வெளியே எடுத்தார்.

பிறகு ஏரி வந்தது. உறைந்துபோன பெரிய ஏரி, மேலே ஒரு தடமும் இல்லாத பனி. அதில் அவர் என்னை முந்திக்கொண்டு போனார். ஒரு பெரிய வட்டம் அடித்து வந்து எனக்கு எதிரே நிறுத்தினார். ஹெல்மெட்டின் முன் கண்ணாடியை ஒரு கையால் தூக்கிவிட்டு, உடனே அந்தக் கையையும் திரும்ப ஹாண்டிலில் வைத்துக்கொண்டார். கையை விட்டால் வண்டி தன்பாட்டில் ஓடிவிடும் என்று பயம்.

"டேய் தம்பி! பறக்குதடா! இது பறக்குதடா!"

சிரித்தார். இரண்டு கையும் ஹாண்டிலில். மூடுவதற்குக் கை இல்லை. மூக்கு சிவந்து, கண்ணிலிருந்து தண்ணீர் ஓட, மேல்வரிசை கீழ்வரிசை எல்லாம் தெரிய, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அந்த முகத்தை நான் அன்றுதான் கண்டேன். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கமரா அவருடைய தலைக்கு மேலே இருந்தது. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் லாசாலுக்குத் திரும்பி வந்து டிவியில் பூட்டிப் பார்த்தோம். படம் சுத்தமாக இருந்தது. நடுக்கம் இல்லை, பனி அப்பவில்லை, தொழிலில் ஒரு பிழையும் இல்லை. முதலில் என் முகம் பெரிதாக வந்து, "தலையை ஆட்டாதேங்கோ அண்ணை" என்றது. பிறகு பாதை. என் முதுகு. திரும்பிக் கத்தும் என் முகம். கயிறு கட்டி இழுக்கும் நான். ஏரி. "பறக்குதடா" என்ற அவருடைய குரல், கமரா கூட்டுக்குள் இருந்ததால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. பிறகு காற்று. காற்றுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் நான்.

முழு வீடியோவிலும் அவர் இல்லை.

அண்ணை கடைசி வரை பார்த்தார். "நல்லாத்தான் எடுத்திருக்கிறாய். நீதான் கதாநாயகன்" என்றார். கை வாயில் இருந்தது. சிரிக்கவில்லை, ஆனாலும் கை வாயில் இருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது.

"அண்ணை, அடுத்த திங்கள் திரும்பப் போவம். ஹாண்டிலிலை பூட்டுறன். ஏரியிலை மெல்ல ஓடினால் நடுங்காது. பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் துடைச்சு விடுறன்."

"ஏலாதெண்டெல்லோ சொன்னனீ?"

"ஏலும் அண்ணை."

ஏலும்தான். எனக்குத் தெரியும். அவ்வளவு ஏன், ஏரியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கமராவைக் கையில் பிடித்து ஐந்து நிமிடம் எடுத்திருந்தாலே போதும். அதற்கு ஒரு தொழிலும் தெரியத் தேவையில்லை.

"அப்ப இதை அனுப்ப வேண்டாம். அதையும் எடுத்தாப் பிறகு ரெண்டையும் சேர்த்து அனுப்புவம்" என்றார்.

அடுத்த திங்களுக்கும் அவர் லீவு கேட்டு வாங்கிவிட்டார். நான்தான் போகவில்லை. ரொறொன்ரோவில் ஒரு பழைய வான் விலைக்கு வந்திருக்கிறது என்று ஒரு கூட்டாளி சொன்னான். அந்த வானை எடுத்துக்கொண்டு கோடைகாலத்தில் மேற்கே போய்விடலாம் என்று எனக்குள் வழக்கமான அரிப்புத் தொடங்கியிருந்தது. "பேந்து பாப்பம் அண்ணை, ஸ்நோ எங்கை ஓடப்போகுது? ஏப்பிரல் மட்டும் கிடக்கும்" என்றேன். "ஓம் ஓம், நீ போட்டு வா" என்றார். லீவை ரத்துச் செய்துவிட்டு வேலைக்குப் போனார். வான் சரிவரவில்லை. கீழ்த்தட்டு முழுக்கத் துருப்பிடித்துக் கறள்.

அந்தக் கிழமை வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பில் நின்றபடி அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்திரண்டு. நான் கராஜில் ஒரு வண்டிக்கு ஒயில் மாற்றிக்கொண்டிருந்தபோது முதலாளி போனைக் கொண்டுவந்து தந்தார். நான் கேட்டுவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்து, ஒயில் மாற்றி முடித்து, மூடியைப் பூட்டி, கையைத் துடைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. முதலாளி தன் காரிலேயே என்னை லாசாலுக்குக் கொண்டுவந்து விட்டார்.

எங்கள் ஆட்கள் கலியாணவீட்டைப் போலவே செத்தவீட்டையும் வீடியோ எடுப்பார்கள். வர முடியாதவர்களுக்கு அனுப்புவதற்கு. அண்ணையின் மனைவிக்கும் மகளுக்கும் விசா இல்லை, அதனால் அதையும் ஒழுங்கு செய்தோம். கலியாணவீடுகளுக்கு எடுக்கும் ஒருவர்தான் வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "முகத்தை வடிவா எடும் தம்பி, கிட்டப் போய் எடும். அங்கை பிள்ளை பாக்கோணும்" என்றார். வீடியோக்காரர் கமராவைக் கிட்டக் கொண்டுபோனார். நடுங்காமல், அசையாமல், கனநேரம் எடுத்தார். அண்ணையின் உதடு இறுக்கிப் பூட்டியிருந்தது, பழைய படங்களில் இருப்பது போலவே. உள்ளே அந்தப் புதுப் பல் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா போன் எடுத்தார். செத்தவீட்டு வீடியோ கிடைத்துவிட்டது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தம்பி, இவர் ஸ்நோவிலை ஓடினதெண்டு ஏதோ வீடியோ எடுத்தவராம். அது இருக்கே? பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறா" என்றார்.

"இருக்கக்கா. ஆனால் அதிலை அண்ணை இல்லை."

"என்னடா தம்பி சொல்லுறாய்? அவர்தானே ஓடினவர்?"

"அவர்தான் ஓடினவர். கமரா மற்றப் பக்கம் பாத்தது."

"பரவாயில்லை, அனுப்பி விடு" என்றார். லாசாலில் வீடியோக் கடை வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்து டிவிடியாக்கி, சென்னைக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். ஸ்பொன்சர் விண்ணப்பம் அண்ணையோடு முடிந்துவிட்டது. அவர்கள் கனடாவுக்கு வரவில்லை.

நானும் அந்தப் பனிக்காலத்தோடு வேலையை விட்டேன். மேற்கே போனேன், திரும்பினேன், வேறு ஊர், வேறு வேலை. 2010 கடைசியில் இந்தியாவுக்குப் போக ஒரு வாய்ப்பு வந்தது. சென்னையில் மூன்று நாள். முதல் நாள் சும்மா திரிந்தேன். இரண்டாம் நாளும் திரிந்தேன். மூன்றாம் நாள் பின்னேரம்தான் வளசரவாக்கத்தில் அந்த வீட்டைத் தேடிப் போனேன். வருகிறேன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும்.

கதவைத் திறந்தது மகள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று முடிந்திருக்கும். பள்ளிக்கூட உடுப்போடு நின்றாள். நான் ஆரென்று சொல்ல வாய் எடுப்பதற்குள் அவள் கண் விரிந்தது.

"அம்மா! ஸ்நோ மாமா வந்திருக்கார்!"

என்னை அவள் முன்பின் நேரில் பார்த்ததில்லை. போனில்கூடக் கதைத்ததில்லை. ஆனாலும் என்னை முழுக்கத் தெரிந்து வைத்திருந்தாள். சென்னைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் கலந்து மூச்சு விடாமல் கதைத்தாள். "நீங்க கத்தும்போது இந்தப் புருவம் மட்டும் மேல போகும். கயிறு கட்டும்போது நாக்கைக் கடிப்பீங்க." ஒரு விரலை நீட்டி, என் குரலில், "தலையை ஆட்டாதேங்கோ அண்ணை" என்று சொல்லிக் காட்டினாள். அப்படியே நான்தான்.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு மெல்லச் சொன்னார். "செத்தவீட்டுக் கசெற்றை நான் அவளுக்குக் காட்டேல்லைத் தம்பி. இதைத்தான் போட்டுப் போட்டுப் பாக்கிறவ. எத்தினை தரமெண்டு கேக்காதை."

மகள் இருந்தாற்போல் கேட்டாள்.

"மாமா, அந்த ஏரி வர்ற இடத்துல நீங்க ஏன் அப்படிச் சிரிச்சீங்க? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு?"

அக்கா குசினிப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார்.

"உங்கடை அப்பா சிரிச்சவர். அதைப் பாத்துத்தான் நானும் சிரிச்சனான்."

"அப்பாவா? சிரிச்சாரா?"

"ஓம்."

"பல்லு தெரியவா?"

"எல்லாப் பல்லும் தெரிய. ரெண்டு கையும் ஹாண்டிலிலை. வாய் நிறையச் சிரிச்சவர்."

"எப்படிச் சிரிச்சார் மாமா?"

சொல்லப் பார்த்தேன். மூக்கு சிவந்திருந்தது என்றேன். கண்ணால் தண்ணீர் ஓடியது என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகத்தை வாயால் சொல்ல ஏலாது. நான் அதிகம் படிக்காதவன் என்பதால் இல்லை, படித்தவனாலும் ஏலாது என்று நினைக்கிறேன்.

அவள் எழும்பிப் போய் அந்த டிவிடியைப் போட்டாள். பாதையைத் தாண்ட விட்டாள். ஏரி வந்தது. "பறக்குதடா" என்ற குரல் வந்தது. என் முகம் சிரிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"இப்பவா?"

"ஓம். இப்பத்தான்."

அவள் டிவிக்குக் கிட்டப் போய் முழங்காலில் இருந்து என் சிரிப்பைப் பார்த்தாள். நேரில் இருந்த என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் படத்தில் என் கண்ணுக்குள் ஏதாவது தெரிகிறதா என்று தேடுவது போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தாயைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, அப்பாக்குக் கோவம் இல்லையாம்."

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் புறப்பட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

இப்போது எல்லார் கையிலும் கமரா இருக்கிறது. நான் வேலை செய்யும் இடங்களில் இன்னமும் யாராவது, இதை எங்கே பூட்டினால் நல்லது என்று கேட்பார்கள். யாருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். அந்த ஏரிக்கு வந்த வாடிக்கையாளர்கள் பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய முகம் வீட்டாருக்கு நாளும் தெரியும், பாதைதான் புதிது. எங்களுக்கு அது மற்றப் பக்கம், எங்கள் வீட்டார் காணாதது முகம்தான் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். தகப்பனின் சிரிப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளை என் சிரிப்பைப் பாடமாக்கி வைத்திருக்கிறாள், அந்த முகத்தைத்தான் நான் ஒவ்வொரு காலையும் கண்ணாடியில் பார்த்து மழிக்கிறேன்.